ஹாஜி வீசிய துண்டு

அந்தத் துண்டு வெள்ளை இல்லை. எங்கள் கர்மூஸ் பேட்டை டீக்கடைகளில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிற ஒவ்வொரு வெட்டிப்பயலும் வெள்ளைத் துண்டு, வெள்ளைத் துண்டு என்கிறான். நீலம்! ஓரத்தில் பேர் தைத்த நீலத் துண்டு, ஹோட்டல் குளியலறையிலிருந்து ஹாஜி கிர்காவி சுட்டுக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் எட்டு நாட்டில் குத்துச்சண்டை போட்டவன் நான். என்னை முடித்தது எந்தக் கொம்பனும் இல்லை, அந்தத் திருட்டுத் துண்டுதான். சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லுங்கடா.

வருஷத்தைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் ஆப்பிரிக்கத் தகுதிப் போட்டி அந்த முறை எங்கள் அலெக்சாந்திரியாவிலேயே நடந்தது. நான் அறுபத்தொன்பது கிலோ. அரையிறுதியில் ஜெயிப்பவன் ஒலிம்பிக் போகிறான், தோற்பவன் வீட்டுக்குப் போகிறான். எனக்கு அப்போது முப்பத்தொன்று. அடுத்த ஒலிம்பிக் வரும்போது முப்பத்தைந்து ஆகிவிடும், அந்த வயதில் மேடையேறவே விடமாட்டார்கள். ஆகவே அந்த வெள்ளிக்கிழமை காலை, அந்த ஒரு சண்டை. அதைவிட்டால் எனக்கு வேறொன்றும் இல்லை.

சும்மா ஒன்றும் வந்து நிற்கவில்லை அங்கே. துனிஸில் வெண்கலம் வாங்கியிருக்கிறேன். நைரோபியில் வயிற்றுப்போக்கோடு நாலு சுற்று ஆடி ஜெயித்திருக்கிறேன், கால்சட்டையைக் காப்பாற்றியது இறைவன் செயல். இஸ்தான்புல்லில் ஒரு கசக்ஸ்தான்காரனிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றேன், அவனே வந்து என் தலையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கு முந்தைய ஒலிம்பிக்குக்கு என் பேரைப் பட்டியலில் போட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் யாரோ பெரிய மனிதரின் மருமகனைப் போட்டார்கள். "மாலேஷ்" என்றார்கள். எங்கள் நாட்டில் காலை மிதித்தாலும் மாலேஷ், கழுத்தை அறுத்தாலும் மாலேஷ். பரவாயில்லையாம், விட்டுவிட வேண்டுமாம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை நாட்டிலும் குத்துமேடையில் என் மூலையில் நின்றவன் சப்ரி. என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஒரே தெரு, ஒரே கிளப், ஒருத்தன் மூக்கை ஒருத்தன் உடைத்து வளர்ந்தவர்கள். கண்ணில் அடிபட்டு அவன் ஆட்டம் நின்றது, பயிற்சியாளர் ஆனான். பிறகு என் தங்கை ஸுஹைரைக் கட்டினான், எனக்கு மச்சானும் ஆனான். மூன்று பெண் குழந்தைகள். தேசிய அணியில் அவனுக்குத் தற்காலிக வேலை. வருஷா வருஷம் அணித்தலைவர், அதாவது மேனேஜர், மனது வைத்தால்தான் அது நீளும்.

அந்த அணித்தலைவர்தான் ஹாஜி கிர்காவி. தெற்கத்தி ஆள், கெய்ரோவில் டைல்ஸ் வியாபாரம். வாழ்நாளில் ஒரு குத்து வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் குத்துச்சண்டைச் சம்மேளனத் தேர்தலில் நிற்கிறார். டெலிவிஷன் கேமரா எங்கள் மூலைக்கு நேரே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் காலையிலேயே கோட்டுக்குமேல் அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னைக்கு நானும் மூலையில நிக்கேன். துண்டு என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

நான் சப்ரியின் காதைக் கடித்தேன். "இந்த ஆளை எதுக்குடா இங்க விடற? எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுக்கக்கூடத் தெரியாது அவருக்கு."

"ஒரு ஓரமா நிக்கட்டும்டா மச்சான். துண்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுல என்ன கெட்டுப்போச்சு?" என்றான் சப்ரி.

என்ன கெட்டுப்போச்சாம்!

எதிராளி உகாண்டாவின் லுபேகா. இருபத்திரண்டு வயது, இடக்கைக்காரன், கை நீளம். முதல் சுற்றில் என்னைத் தூரத்தில் வைத்தே குத்தினான், இரண்டு புள்ளி பின்தங்கினேன். இரண்டாவதில் அவன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன், சமமாயிற்று. கூட்டம் முழுக்க எங்கள் கர்மூஸ் ஆட்கள்தான். தபேலா கொண்டுவந்திருந்தார்கள். "ரிஃபாத்! ரிஃபாத்! அவனை ஈரல் சாண்ட்விச் ஆக்கு!" என்று ஒருத்தன் கத்தினான். அவனுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன், ஏனென்றால் மூன்றாம் சுற்றில் நான் குத்தியது ஈரலில்தான். இடது கை, விலாவுக்குக் கீழே, முழு உடம்பும் பின்னால் வர. அந்தக் குத்து விழுந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் மூச்சு உள்ளே போகாது, வெளியேயும் வராது. லுபேகாவின் முழங்கால் மடங்கியது. கயிற்றில் சாய்ந்தான். அடுத்து வலது கை தாடையில். பலகையில் பதினாலு, பதினொன்று. எனக்குப் பதினாலு. அவன் கை இரண்டும் தொங்கிவிட்டது. இன்னும் ஒன்று, ஒரே ஒன்று, நடுவர் உள்ளே வந்துவிடுவார், நான் ஒலிம்பிக் போய்விடுவேன்.

அப்போது என் காலடியில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

தெற்கத்திப் பக்கம் கல்யாணத்தில் சிலம்பம் மாதிரிக் கம்பு ஆடுவார்கள். ஹாஜியின் ஊரில், ஒருத்தன் நல்ல அடி போட்டால் பெரியவர்கள் தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து அவன் காலடியில் வீசுவார்களாம். சபாஷ் என்று அர்த்தம். அறுபத்தெட்டு வருஷம் அந்தக் கை பழகின பழக்கம். என் குத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எப்படில போட்டான் என் புள்ள!" என்று கூவிக்கொண்டே கையில் இருந்ததை வீசிவிட்டார்.

குத்துச்சண்டையில் மூலையிலிருந்து துண்டு விழுந்தால் ஒரே அர்த்தம்தான். எங்கள் ஆள் தோற்றான், நிறுத்துங்கள்.

செனகல்காரர் நடுவர். துண்டைப் பார்த்தார், எங்கள் மூலையைப் பார்த்தார், ஒரு நொடி அவருக்கே நம்ப முடியவில்லை. பிறகு இரண்டு கையையும் வீசிச் சண்டையை நிறுத்தினார். கயிற்றில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த லுபேகாவின் கையைத் தூக்கினார். அந்தப் பையன் என்னைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான். எனக்குக் காது அடைத்துவிட்டது. தபேலா நின்றுவிட்டது. அந்த அமைதியில் ஹாஜி கிர்காவி மட்டும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கேமராவைப் பார்த்துக் கையாட்டினார் அந்த மகானுபாவர்.

மணி பதினொன்று ஐம்பத்தொன்று. ஏன் நிமிஷக் கணக்கோடு சொல்கிறேன் என்றால், முடிவை எதிர்த்து எழுதிக் கொடுக்க விதிப்படி முப்பது நிமிஷம்தான். பன்னிரண்டு இருபத்தொன்று வரை. அதற்குள் கையெழுத்தோடு ஒரு காகிதம் போனால் நடுவர் குழு கூடிப் பேசும். போகாவிட்டால் வாயே திறக்கக்கூடாது. நான் கையுறையைக் கழற்றும்போதே சப்ரி படிவம் வாங்க ஓடினான். திரும்பி வந்து, "அணித்தலைவர் கையெழுத்து வேணுமாம்டா" என்றான். முகம் வெளுத்திருந்தது. எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

உடை மாற்றும் அறையில் ஹாஜி நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"ஹாஜி, ஒரே ஒரு வரி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு அடக்கிப் பேசினேன். "சந்தோஷத்துல வீசிட்டேன், நிறுத்தச் சொல்லலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போதும்."

"சந்தோஷத்துலயா? ஏலே, கெய்ரோ முழுக்கச் சிரிக்குமே! சண்டைக்கும் கல்யாணத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு சொல்லமாட்டானுவளா?"

தெரியாதுதானே அய்யா! தெரிந்திருந்தால் நான் இப்படி நிற்பேனா? நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன்.

சப்ரி குனிந்து அவர் கையைப் பிடித்தான். "ஹாஜி, சந்தோஷம் வேண்டாம். கை நழுவிடுச்சுன்னு எழுதிக்கலாம். யாருக்கு வேணா நழுவும்."

"நழுவிச்சா? அப்ப எனக்குக் கை நடுங்குதுன்னு எழுதச் சொல்லுத. ஏற்கனவே அந்த எதிர்க்கட்சிப் பயலுவ, கிழவனுக்கு அறுபத்தெட்டு, கிழவனுக்கு அறுபத்தெட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதானுவ."

"நான் கேட்டேன்னு எழுதுங்க!" என்று கத்திவிட்டேன். "என் வேர்வையைத் துடைக்க நான்தான் துண்டு கேட்டேன், நீங்க போட்டீங்க. பழி என் மேல. இப்ப சரியா?"

ஹாஜி யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பேனாவைக்கூடத் திறந்தார். என் உயிர் அந்தப் பேனா முனையில் இருந்தது. மணி பன்னிரண்டு நாலு.

"ஜெனரலை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றார்.

சம்மேளனத் தலைவர் ஓய்வுபெற்ற ஜெனரல். அவரைக் கேட்காமல் எங்கள் ஆட்கள் மூக்குச் சிந்தக்கூட மாட்டார்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் இதுதான். கீழே இருப்பவன் மேலே கேட்பான், மேலே இருப்பவன் அதற்கும் மேலே கேட்பான், காகிதம் மேஜையிலேயே கிழவனாகிவிடும். ஹாஜி போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டார். வெள்ளிக்கிழமை நண்பகல், ஜெனரல் ஜும்ஆ தொழுகையில் இருக்கிறார். உரை முடிந்து தொழுது வெளியே வர எப்படியும் முக்கால் மணி நேரம்.

"ஹாஜி, நீங்கதான் அணித்தலைவர். உங்க கையெழுத்து. ஜெனரல் எதுக்கு?"

"பொறுமையா இரு மகனே. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கில்லா. இன்ஷா அல்லாஹ் நல்லதே நடக்கும்."

இன்ஷா அல்லாஹ்! இறைவனின் பேரை இப்படியா செலவழிப்பது? நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடைக்கு வெளியே எவன் மேலும் கைவைப்பதில்லை என்பது நான் பதினெட்டு வயதில் எடுத்த சத்தியம். அன்றைக்கு அதைக் காப்பாற்றப் பட்ட பாடு, லுபேகாவிடம் பட்டதைவிடப் பெரிது. கண்ணைத் திறந்தபோது ஹாஜி அணியின் சட்டையையும் கோட்டையும் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார்.

"எங்க போறீங்க?"

"கைகால் கழுவி ஒளு செய்யப் போறேன். பாங்கு சொல்லியாச்சே, கேக்கலையா? எனக்கும் தொழுகை உண்டுல்லா. மாலேஷ் மகனே, மாலேஷ்."

படிவத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். மணி பன்னிரண்டு பதிமூன்று.

நான் பேனாவை எடுத்தேன். விரல்களில் கட்டுத்துணி இன்னும் சுற்றியிருந்தது, பேனா பிடிபடவில்லை. கோழி கிறுக்கியது மாதிரி நானே எழுதினேன். துண்டு தவறுதலாக விழுந்தது, என் மூலை சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை. கீழே என் பேரைப் போட்டேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். சப்ரி, "நில்லுடா, நில்லுடா" என்று பின்னாலேயே வந்தான்.

நடுவர் மேஜையில் ஒரு துனிஸ்காரி இருந்தாள். கண்ணாடி போட்ட, கறாரான பெண்மணி. காகிதத்தைப் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பதினேழு.

"தம்பி, உன் கையெழுத்து செல்லாது" என்றாள். "எங்க குழு மொத்தமும் பாத்துச்சு. அந்தப் பெரியவர் சிரிச்சுக்கிட்டே வீசினாரு. எங்க குழுத் தலைவரு உள்ள காத்துக்கிட்டிருக்காரு, காகிதம் வந்தா முடிவை மாத்தறதுல எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. ஆனா கையெழுத்து முறைப்படி இருக்கணும்."

"அணித்தலைவர் தொழப் போயிட்டாரும்மா. எனக்கு நாலு நிமிஷம்தான் இருக்கு. அல்லாவுக்காக..."

"அணித்தலைவர் எதுக்கு? மூலையில நின்ன பயிற்சியாளர் போட்டாலே போதும்." என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "இவர்தானே? படிவம் வாங்க வந்தப்பவே சொன்னேனே இவர்கிட்ட."

நான் திரும்பினேன்.

சப்ரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை, பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷம்தான் வந்தது. ஆகா, வழி இருக்கிறது! மறந்திருப்பான், பதற்றத்தில் சரியாகக் கேட்டிருக்கமாட்டான். பேனாவை நீட்டினேன். "போடுடா மச்சான். சீக்கிரம்."

அவன் வாங்கவில்லை.

"சப்ரி."

"ஹாஜி வரட்டும்டா."

"எப்ப வருவாரு? மூணு நிமிஷம் இருக்கு. போடுடா!"

"அவரை மீறிப் போட்டா..." என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

"மீறிப் போட்டா என்ன? வேலை போகுமா? போகட்டும்டா! நான் ஒலிம்பிக்ல ஆடினா உன்னை எவன்டா தொடுவான்? ரெண்டு பேரும் சேர்ந்துதானேடா போறோம்! பதினோரு வருஷம்டா சப்ரி!" பேனாவை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை நானே மடக்கினேன். குழந்தைக்கு எழுத்துச் சொல்லித்தருவது மாதிரி அவன் கையைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்தேன். அவன் கை மரக்கட்டை மாதிரி கிடந்தது. துனிஸ்காரி எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது, "அய்யா, போடறதுன்னா இப்பவே போடுங்க" என்றாள்.

போடவில்லை. பன்னிரண்டு இருபத்தொன்று ஆனது. அவள் கோப்பை மூடி எழுந்து உள்ளே போனாள்.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். கூட்டம் கலைந்து தொழப் போயிருந்தது. பக்கத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாம் அண்டை அயலாரின் உரிமை பற்றி என்னவோ பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் சப்ரிதான் வாயைத் திறந்தான்.

"ஹாஜி போட்டிருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நான் போட்டிருந்தா உனக்கு மட்டும்தான்டா நல்லது."

அப்படியே சொன்னான். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. ஹாஜி முட்டாள். முட்டாளைத் திட்டலாம், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம், அந்த மட்டும் நிம்மதி. இவன் முட்டாள் இல்லை. எனக்கு எந்தச் சுற்றில் மூச்சு வாங்கும், என் தோள் எந்தக் கோணத்தில் வலிக்கும் என்று என் தாய்க்குத் தெரியாததெல்லாம் தெரிந்தவன். அரை மணி நேரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் என்னை விற்றிருக்கிறான். என் வலது கை தானாக மூடிக்கொண்டது. அவன் அதைப் பார்த்தான், நகரவில்லை, முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றான். அடி என்றுதான் நின்றான் என்று நினைக்கிறேன். அந்த வசதியையும் அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். காதில் வைக்கத் தைரியம் இல்லாமல் என்னிடம் நீட்டினான். ஸுஹைர். என் சண்டை நடக்கும்போது டெலிவிஷன் பெட்டியை அணைத்துவிட்டு, குழந்தைகளோடு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவள் அவள். முடிந்த பிறகுதான் போன் போடுவாள்.

"என்னங்க, அண்ணன் ஜெயிச்சிடுச்சா? சொல்லுங்களேன்! இங்க மூணும் என் உயிரை வாங்குதுங்க."

"நான்தான் பேசறேன், ஸுஹைர்."

"அண்ணா! சொல்லுண்ணா!"

சப்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் புருஷன் கையில் பேனா இருந்தது, நாலு நிமிஷம் இருந்தது, போடவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் அந்த நிமிஷமே மூன்று பெண்களையும் இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள், எனக்குத் தெரியும். என் தங்கை அப்படிப்பட்டவள். பின்னால் குழந்தைகள் "மாமா, மாமா" என்று கத்துவது கேட்டது.

"தோத்துட்டேன்மா" என்றேன். "ஹாஜி துண்டைத் தவறிப் போட்டுட்டாரு. யாரும் ஒன்னும் செய்ய முடியல."

யாரும் ஒன்னும் செய்ய முடியல. இந்த வாயால்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தேன், தாடை வலிக்கும் வரை கடித்தேன்.

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணா, அவரு பக்கத்துல இருக்காரா? அவரைத் தனியா விட்டுடாதண்ணா. உனக்காக ராத்திரி பகலா உழைச்சவரு, உன்னைவிட அவருதான் ரொம்ப உடைஞ்சு போயிருப்பாரு. நீதான் ஆறுதல் சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.